ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணி

என்னை வேண்டாம் என்று சொன்னவர் என்னைப் பெண் பார்க்க வந்தவர் இல்லை, அவருடைய அப்பா. என் நிறம், படிப்பு, வேலை, வாய்த்துடுக்கு எதிலும் அவருக்குக் குறை இல்லை. பஜ்ஜியை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து, என் ஜாதகத்தில் இருந்த மூலம் என்ற ஒரே ஒரு சொல்லுக்காக, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு சிதம்பரத்தில். வேலை கடலூரில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று நாள் முழுக்க ஊரார் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். அந்த சென்டரின் ஏசியைச் சரிசெய்ய வந்தவர்தான் பின்னாளில் என்னைப் பெண் பார்க்க வந்தவர். கடலூரிலேயே திருப்பாப்புலியூரில் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை. மூன்று மாதத்தில் ஐந்து முறை வந்தார். அந்த ஏசிக்கு அத்தனை கோளாறு கிடையாது என்பது சென்டரில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் முறை, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, "உங்க வீட்டுக்கு வந்து பேசலாமாங்க?" என்று கேட்டார். "ஏசி பத்தியா?" என்றேன். ஏசிக்கு நேர் கீழே நின்றுகொண்டு மனிதருக்கு அப்படி வேர்த்தது.

இரண்டு வீட்டாரும் விசாரித்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் அந்த போன். என் அம்மாவிடம் பேசியது அவருடைய அம்மா.

"தப்பா எடுத்துக்காதம்மா. பொண்ணு மூலமாம். மூலத்துல பொறந்த பொண்ணு வந்தா மாமனாருக்கு ஆவாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. இவருக்கு ஏற்கெனவே நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டு வச்சிருக்கு. தெரிஞ்சே எப்படிம்மா?"

அன்று சாயந்தரம் அவரும் கூப்பிட்டார். "அப்பா உயிர் விஷயம்ங்க. நான் என்னான்னு பேசறது?" என்றார். நான் போனை வைத்தேன். அழுதேன். பொய் சொல்வானேன், இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எனக்கு வந்ததே கோபம்! ஒரு நல்ல மனிதரும் நானும் சேர்ந்து வாழ்வதை நான்கு கோடும் பன்னிரண்டு கட்டமும் தடுக்குமென்றால், அந்தக் கட்டத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவர்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மேல வீதியில் பழைய புத்தகம் விற்பவரிடம் கிடைத்தது அந்தப் புத்தகம். கைரேகையும் ஜாதகமும் புதிதாகப் படிக்கிறவர்களுக்கானது. அட்டையில் பெரிதாக ஒரு கை, உள்ளங்கையில் ராசிக் கட்டம். அதை மேசையில் வைத்ததுமே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி இது? குறி சொல்லக் கெளம்பிட்டியா?"

"ஆமாம்மா. மொதல் குறி உனக்குத்தான். இன்னிக்குச் சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

முதல் பாதி கைரேகை. அதை நான் சிதம்பரம் கடலூர் பஸ்ஸில் படித்தேன். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்? முதல் மூன்று நாள் என் வலது கையை உற்று உற்றுப் பார்த்து, புத்தி ரேகை பாதியில் நிற்கிறதே என்று மனம் நொந்து கிடந்தேன். நான்காம் நாள்தான் பெண்களுக்கு இடது கை என்ற வரியே கண்ணில் பட்டது. இடது கையில் அந்த ரேகை ஜம்மென்று நீளமாகப் போயிற்று. அடேங்கப்பா, ஒரு நிமிஷத்தில் நான் புத்திசாலி ஆகிவிட்டேன்!

பஸ்ஸில் ஒருத்தி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? ஒரு மாதத்துக்குள் என் ஸீட்டைச் சுற்றிக் கைகள் நீள ஆரம்பித்தன. நர்ஸிங் படிக்கிற பெண்கள், கலெக்டர் ஆபீசுக்குப் போகும் டைப்பிஸ்ட், ஒரு நாள் கண்டக்டரே டிக்கெட் பையைத் தோளில் தள்ளிக்கொண்டு கையை நீட்டி, "சொந்த ஊருக்கு மாத்தல் எப்பம்மா கெடைக்கும்?" என்றார். முட்லூரில் ஏறும் பரங்கிப்பேட்டை மீன்காரம்மா மட்டும் ரொம்ப நாள் கை காட்டவில்லை.

"என் கையில என்னாத்த பாப்ப? மீனு அறுத்து அறுத்து கோடெல்லாம் தேஞ்சி பூட்ச்சி" என்று சிரித்தாள். பிறகு ஒரு நாள் தானாகவே கையை என் மடியில் வைத்தாள். நிஜமாகவே ரேகை மங்கித்தான் இருந்தது. புத்தகத்தில் அதற்குப் பலன் இல்லை. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "கப்பலுக்குப் போன புள்ள பேசி இருவது நாளாச்சி. வருவானான்னு மட்டும் சொல்லேன்."

தெரியவில்லை அக்கா, உன் கையில் அது எழுதியிருக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாயே என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். அடுத்த வாரம் மகன் பேசிவிட்டான். கை நீட்டுகிறவர்கள் ரேகையைக் கேட்பதில்லை, மனதில் இருக்கும் ஒரு பயத்தைக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதல் பாடமாக வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் அது இல்லை.

இரண்டாம் பாதி ஜாதகம். அது எனக்கு நன்றாகவே தண்ணி காட்டியது. பன்னிரண்டு ராசி, இருபத்தேழு நட்சத்திரம், ஒன்பது கிரகம், அவற்றில் யாருக்கு யார் நண்பன், யார் பகை, எவர் எந்த வீட்டில் உட்கார்ந்து எந்த வீட்டைப் பார்க்கிறார்; எங்கள் தெருச் சண்டைகளைவிடச் சிக்கல். சென்டரில் வீணாய்ப்போன பிரிண்ட் தாள்களின் பின்பக்கமெல்லாம் கட்டம் போட்டேன். தப்பாகப் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். நடுவில் வேறு இரண்டு வரன்கள் வந்தன. வேண்டாம் என்றேன். "வயசு முப்பது ஆவுதுடி" என்று அம்மா புலம்பினாள். "அதையும் கட்டத்துல போட்டுப் பாக்கறேன்" என்றேன். சென்டர் ஏசி மறுபடி மக்கர் செய்தபோது அவர் வரவில்லை, கடையில் இருந்து வேறு ஆளை அனுப்பினார். அன்று மட்டும் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்காமல் படுத்துவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் திறந்தேன்.

எட்டு மாதம் ஓடிற்று. கடைசி அத்தியாயம் ஒரு பயிற்சி. உங்கள் ஜாதகத்தை நீங்களே கணித்து, வீட்டில் இருக்கும் ஜாதகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று போட்டிருந்தது. நான் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை நெட்டில் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். பிறந்த தேதியை எழுதினேன். பிறந்த நேரம் மூன்று மணி பத்து நிமிஷம். லக்னம் சரியாக வந்தது. கிரகங்கள் சரியாக உட்கார்ந்தன. சந்திரன் தனுசில், ரொம்பச் சரி. நட்சத்திரம் மட்டும் பூராடம் என்று வந்தது.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி போட்டேன். பூராடம். போன் ஆப்பில் போட்டேன். அதுவும் பூராடம் என்றது. சாப்பாடு ஆறிப் போயிற்று. அப்புறம்தான் நான் எழுதிய தேதியையே பார்த்தேன். வேலைப் பழக்கத்தில் கை தானாக என் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியை எழுதியிருந்தது. ஜாதகத்தில் இருப்பது அதற்கு முந்தின நாள்.

இந்த ஒரு நாள் வித்தியாசம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சர்டிபிகேட்டில் ஒரு தேதி, ஜாதகத்தில் ஒரு தேதி என்பது எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு உள்ளதுதான். தினமும் சென்டரில் பார்க்கிறேனே! சர்டிபிகேட் எழுதினவர்தான் ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டார் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். ஜாதகம் தப்பாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கேட்டேன். "நான் எப்பம்மா பொறந்தேன்?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணி. எத்தினி வாட்டி சொல்றது?"

"வலி எப்ப எடுத்துது?"

"சாயந்தரம். டிவியில ஞாயித்துக்கிழமை படம் ஓடிக்கினு இருந்துது. தெருவே நம்ம வீட்ல ஒக்காந்து பாத்துகினு இருந்துச்சு. பாதிப் படத்துல ஆட்டோ கூப்புட்டாங்க. கிளைமாக்ஸ் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வலி எடுத்தவளுக்கு, அதே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு எப்படிக் குழந்தை பிறக்கும்? ஜாதகம் எழுதிக்கொண்டு வந்தது கிள்ளையில் இருக்கும் என் மாமா, அம்மாவின் தம்பி. உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாமா, என் ஜாதகம் எழுதப் போனப்ப ஜோசியர்கிட்ட என்னா சொன்னீங்க?"

"என்னா சொல்லுவாங்க? ஞாயித்துக்கிழமை விடியக்கால மூணு மணி, பத்து நிமிஷம்னு சொன்னேன். ஏன், அக்கா அதத்தான சொன்னிச்சு?"

அம்மா போனைப் பிடுங்கினாள். "அட பாவி! நான் ராத்திரின்னுதானேடா சொன்னேன்!"

"ராத்திரி மூணு மணின்னா விடியக்காலம்தானக்கா? ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றுதான், ஆனால் ஒன்று இல்லை. நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் அடுத்த கிழமை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று மணி என்று அம்மா சொன்னது காலண்டர்படி திங்கட்கிழமை. அதை மாமா விடியற்காலம் என்று மாற்றிச் சொன்னதும் ஜோசியர் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்கு முந்தைய மூன்று மணி என்று எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லில் இருபத்துநான்கு மணி நேரம் போயே போய்விட்டது. கட்டங்கள் அப்படியே இருக்க, சந்திரன் மட்டும் மூலத்திலிருந்து நகர்ந்து பூராடத்துக்குப் போயிருந்தான். முப்பது வருஷமாக நான் வேறு யாரோ ஒருத்தியின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

"நான் மூலம் இல்லம்மா!" என்று கத்தினேன். அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப என்னா நட்சத்திரம்?"

"பூராடம்."

அம்மாவின் கை என் முதுகில் அப்படியே நின்றது. நான் புத்தகத்தில் படித்திருந்தும் அந்த சந்தோஷத்தில் மறந்துபோனது அவளுக்கு உடனே நினைவு வந்துவிட்டது. மூலம் மாமனாருக்கு ஆகாது என்றால், பூராடத்துப் பெண்ணுக்குத் தாலி நிலைக்காது என்பார்கள். அதாவது ஆபத்து மாமனாருக்கு இல்லை, கட்டிக்கொள்கிறவருக்கு.

சோபாவில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் பலன் சொல்லக்கூடாது, ஏழாம் வீட்டைப் பார், அதன் அதிபதியைப் பார், எட்டாம் வீட்டைப் பார் என்று அதே புத்தகம் கரடியாய்க் கத்துகிறது. அதெல்லாம் என் கட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எட்டாம் வீட்டை யார் பார்க்கிறார்கள்? ஜனங்களுக்கு நட்சத்திரத்தின் பெயர் போதும்.

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "மூலம் இல்லன்னு மட்டும் சொல்லுவோம். பூராடத்த நாம ஏன் வாயத் தொறந்து சொல்லணும்? அவுங்களா கேட்டா பாத்துக்கலாம்."

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அம்மா சொல்வதில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டால், அவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் எனக்குப் பூராடம்தான் நினைவுக்கு வரும். ஏணியில் ஏறி ஏசி மாட்டுகிற மனிதர். ஒவ்வொரு நாளும் அவர் வீடு திரும்பும் வரை நான் செத்துப் பிழைக்க வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லலாம். ஆனால் அப்படி மறைத்தால் நம்பிக்கை வந்துவிடும்.

அந்த வார விடுமுறையில் அம்மாவையும் இழுத்துக்கொண்டு திருப்பாப்புலியூருக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா ஒரே பாட்டு: "வாயக் கட்டு, வாயக் கட்டு." ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி அந்த வீட்டு வாசலில் நின்றபோது, அவருடைய அப்பாவை என்ன சொல்லி அழைப்பது என்பதே பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. மாமா என்றால் உரிமை, சார் என்றால் அந்நியம். வெறுமனே வணக்கம் சொன்னேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவருடைய அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே சங்கடம். அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். பிறப்புச் சான்றிதழை வைத்தேன், பழைய ஜாதகத்தை வைத்தேன், நான் கணித்த தாளை வைத்தேன். டிவிப் படம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவருடைய அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப மூலம் இல்ல?"

"இல்லைங்க."

"எனக்கு ஒண்ணும் ஆவாது?"

"என்னால ஆவாதுங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பாவம், அந்த மனிதர் நிஜமாகவே எட்டு மாதமாகப் பயந்துதான் இருந்திருக்கிறார். "ஏய், காப்பி எடுத்தா! சர்க்கரை போட்டே எடுத்தா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய அம்மா சிரித்துக்கொண்டே காபியோடு வந்தார். என் அம்மாவும் சிரித்தாள். வாசலில் நின்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றேன்.

அம்மா என் காலை நறுக்கென்று மிதித்தாள். வலித்தது. ஆனாலும் சொன்னேன். "என் நட்சத்திரம் பூராடம்."

அவருடைய அம்மா காபித் தட்டை அப்படியே தரையில் வைத்தார். "பூராடம்னா..." என்று ஆரம்பித்து, மகனைப் பார்த்து, முடிக்காமல் நிறுத்திவிட்டார். நான் ஏழாம் வீடு, எட்டாம் வீடு என்று படித்ததையெல்லாம் கடகடவென்று சொன்னேன். ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

அவருடைய அப்பா கண்ணாடியைக் கழற்றினார். நான் கணித்த தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏம்மா, அந்த மூலமாவே இருந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றார். "எனக்குன்னாலும் பரவால்ல. நான் வாழ்ந்து முடிச்சவன். இவன் தலையிலயா வந்து விடியணும்?"

தன் உயிருக்குப் பயந்து என்னை வேண்டாம் என்றவர் பேசுகிற பேச்சா இது! எட்டு மாதமாக அவர்மேல் நான் ஊட்டி வளர்த்த கோபம் அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

அப்போதுதான் அவர் வாசலை விட்டு உள்ளே வந்தார். அப்பாவின் எதிரில் நின்றார்.

"மூலம்னு சொன்னப்ப நான் வாயே தொறக்கலப்பா. உங்க உயிருன்னு சொன்னீங்க. உங்க உயிருக்கு நான் எப்படி சரின்னு சொல்லறது? இப்ப என் உயிருதான? அதுக்கு நான் சொல்லலாம் இல்ல?"

"டேய்..."

"எனக்கு சம்மதம்ப்பா."

அவருடைய அப்பா மகனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார்.

"குடும்மா அந்தத் தாள. நாள் பாக்கத் தேவைப்படும்."